மாற்ற வேண்டியது பிரவுசரையா, லேப்டாப்பையா?

"ஏண்டா, எட்டாயிரம் ரூபா ஃபோன்ல வழுவழுன்னு ஓடுற உபன்யாசம், முப்பதாயிரம் போட்டு வாங்குன லேப்டாப்புல மட்டும் ஏன் விக்கி விக்கி ஓடுது?"

இந்தப் பொங்கலுக்கு மதுரை போயிருந்தபோது பெரியம்மா கேட்ட கேள்வி. அவர் கேட்கும்போதே பின்னால் லேப்டாப்பின் ஃபேன், மிக்ஸியில் தேங்காய் அரைப்பது போல இரைந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெரு கடைக்காரர் ஏற்கெனவே பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொல்லியிருந்தார்: "பிராசசர் வீக் ஆயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க." சொந்தக்காரப் பையன் ஒருவன் குரோமை எடுத்துவிட்டு எட்ஜ் போடச் சொன்னானாம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (சில வேலைகளைச் சிப்பின் தனிப் பகுதியிடம் விடும் வசதி) அணைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு யோசனைக்குப் பணம் வேண்டும், இன்னொன்றுக்குப் பழக்கத்தை மாற்ற வேண்டும், மூன்றாவது ஒரே கிளிக். எதைச் செய்வது என்று பார்க்க இரண்டு நாள் அந்த மெஷினோடு உட்கார்ந்தேன். முடிவில் மூன்றையுமே அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டிலும் இதே வயதில் ஒரு லேப்டாப் இருந்தால் இந்தக் கணக்கு உதவும்.

மெஷினைப் பற்றி முதலில். 2015-இல் வாங்கியது. பிராசசர் இன்டெல் ஐ3-5005யு, இரண்டு கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ கிடையாது. 4 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க், 1366×768 திரை, விண்டோஸ் 10. அதில் நடக்கும் வேலை மூன்றுதான். பெரியம்மா காலையில் ஒரு தமிழ்ச் செய்தித் தளம் படிப்பார், மாலையில் யூடியூபில் உபன்யாசம் கேட்பார். நடுவில் கல்லூரிக்குப் போகும் பேத்தி கூகுள் ஷீட்ஸில் ஏதோ ப்ராஜெக்ட் செய்வாள். மூன்றிலும் மெஷின் திணறுகிறது என்பதுதான் புகார். ஆனால் மூன்றும் ஒரே காரணத்தால் திணறவில்லை, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

யார் தின்பது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் "குரோம்" என்று ஒரு வரிதான் மேலே நிற்கும். அதை வைத்துக்கொண்டு குரோம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது, வீட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு மீட்டர் பெட்டியைத் திட்டுவது போல. எந்த அறையில் எது ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு பிரவுசருக்குள்ளேயே தனி டாஸ்க் மேனேஜர் உண்டு. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதே விசைகள்தான். ஒவ்வொரு டேப்பும், பிரவுசரோடு சேர்த்து நிறுவிய ஒவ்வொரு துணை நிரலும் (எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாக வரும். குரோம் 2008-இல் வந்தபோதே இப்படித்தான், ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் பிராசஸாகப் பிரித்து ஓட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் அந்த வழிக்கு வர 2016 ஆனது.

எண்ணைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 25 சதவீதம் என்று தெரிந்தால் "கால் பங்குதானே" என்று விட்டுவிடுவோம். ஐ3-5005யுவில் கோர் இரண்டுதான் என்றாலும் ஒவ்வொன்றும் இரண்டு பாதையாகத் தெரிவதால் விண்டோஸ் கண்ணுக்கு அது நான்கு. ஒரு பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் ஓடும், வேலையை நான்காகப் பங்கு போட்டுக்கொள்ளாது. ஆகவே அந்த 25 என்பது, அந்தப் பக்கம் தனக்குக் கிடைத்த பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரோல் செய்தால் நகராது, கிளிக் செய்தால் எடுக்காது. மொத்தக் கணக்கில் முக்கால்வாசி சும்மா இருப்பதாகக் காட்டும்.

அப்படி உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்தது இது. செய்தித் தளம் திறந்து வைத்தாலே போதும், யாரும் தொடாமலேயே ஒரு பாதை நிரம்பிக்கொண்டிருந்தது. வீடியோ ஓடும்போது நான்கும் சேர்ந்து நிரம்பின. ஷீட்ஸ் பக்கம் ஒவ்வொரு முறை எழுதும்போதும் எகிறி இறங்கியது. போதாக்குறைக்கு, யாரோ நிறுவிவிட்டுப் போன கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன் ஒன்று, எந்தப் பக்கம் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மா வாழ்க்கையில் கூப்பன் போட்டு எதுவும் வாங்கியதில்லை. அதைத் தூக்கியது முதல் வேலை.

பிரவுசர் மாற்றினால் என்ன கிடைக்கும்?

குரோமிலிருந்து எட்ஜுக்குப் போவது, ஒரே சமையல்காரரின் இன்னொரு கடைக்குப் போவது. எட்ஜ் 2020 ஜனவரியிலிருந்து, குரோமுக்கும் அடித்தளமான குரோமியம் மேல்தான் நிற்கிறது. பிரேவ், ஓபெரா, விவால்டி எல்லாமே அதே அடித்தளம். பக்கத்தை வரைவது பிளிங்க், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது வி8. பக்கம் தனக்குள் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தால் இவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சுற்றும். எட்ஜில் தூங்கும் டேப் வசதி நன்றாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் குரோமிலும் மெமரி சேவர் என்று அதற்கு இணையானது வந்துவிட்டது.

இந்தத் தூங்கவைக்கும் வசதிகளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பின்னால் திறந்து கிடக்கும் இருபது டேப்பும் பிராசசரைத் தின்கின்றன என்று நினைத்து ஒவ்வொன்றாக மூடுவோம். குரோம் பல வருடமாகவே பின்னணி டேப்பைக் கட்டிப்போட்டுத்தான் வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தின் டைமர்கள் வினாடிக்கு ஒரு முறைதான் எழ முடியும். 2021 ஜனவரியில் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து, ஐந்து நிமிடம் மறைந்து கிடந்தால் நிமிடத்துக்கு ஒரு முறைதான். பாட்டு ஓடும் டேப் போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே டேப்பை மூடினால் முக்கியமாக மிச்சமாவது ராம். பிராசசரைத் தின்பது பெரும்பாலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கம்தான். இன்னொன்று, மெமரி சேவர் தூக்கிப் போட்ட டேப்புக்குத் திரும்பிப் போனால் பக்கம் முதலிலிருந்து லோட் ஆகும். கனமான செய்திப் பக்கம் என்றால் அந்த வேலையை மறுபடி மறுபடி செய்ய வேண்டும். 4 ஜிபி மெஷினில் அது தவிர்க்க முடியாதது, ஆனால் இலவசம் இல்லை.

உண்மையிலேயே வேறு சமையல் என்றால் ஃபயர்ஃபாக்ஸ்தான். ஆப்பிள் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு சஃபாரியும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தை வரைவது கெக்கோ, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்பைடர்மங்கி. இதனால் எல்லாத் தளமும் வேகமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஷீட்ஸ் போன்ற பெரிய வலைச் செயலிகள் அந்த மெஷினில் குரோமில்தான் கொஞ்சம் இலகுவாக இருந்தன. வங்கித் தளம் ஒன்று ஃபயர்ஃபாக்ஸில் பாதியில் நின்றது. 4 ஜிபி ராமில் இரண்டுமே பசிக்காரர்கள்தான். ஆனாலும் நான் ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் எஞ்சின் அல்ல, அதில் எதைத் தடுக்க முடிகிறது என்பது.

செய்திப் பக்கத்துக்குள் நடக்கும் ஏலம்

ஒரு செய்தியைப் படிக்க நான்கு பத்தி எழுத்தும் ஒரு படமும் போதும். அந்தப் பக்கம் ஏன் ஒரு கோரை அடைக்கிறது? பக்கம் திறக்கும்போது ஒவ்வொரு விளம்பரப் பெட்டிக்கும் ஒரு ஏலம் நடக்கிறது. பல விளம்பரச் சந்தைகளிடம் விலை கேட்டு, அதிகம் சொன்னவருக்குப் பெட்டியைக் கொடுக்கிறார்கள். பல தளங்களில் அந்த ஏலக்காரர் உட்கார்ந்திருக்கும் இடம் அவர்களுடைய சர்வர் அல்ல, உங்கள் பிரவுசர். ஏலம் ஒரு தடவையோடும் முடிவதில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி புதுப்பிக்கப்படும், மறுபடி ஏலம். பெரியம்மா தளத்தைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாலும் உள்ளே சந்தை நடந்துகொண்டேயிருக்கும்.

அப்புறம் மூலையில் தானாக ஓடும் வீடியோ. ஒலியோடு தானாக ஓடுவதை குரோம் 2018-இல் கட்டுப்படுத்தியது, ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல். உடனே தளங்கள் ஒலியை அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டத் தொடங்கின. சத்தம் வராததால் நமக்குத் தெரிவதில்லை, பிராசசருக்குத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் ஒலி, படம் இரண்டையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

மேலே நகரும் சூடான செய்திப் பட்டையும் சாதாரணப்பட்டதல்ல. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. அதாவது ஒரு படத்தை வரைய 16.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம். பட்டையை ஒழுங்காக எழுதியிருந்தால் கிராபிக்ஸ் சிப் அதைத் தள்ளிக்கொண்டு போகும். சோம்பலாக எழுதியிருந்தால் பட்டை ஒவ்வொரு முறை நகரும்போதும் பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று பிராசசர் திரும்பக் கணக்குப் போடும், வினாடிக்கு 60 தடவை.

ஒரு காலத்தில் இதைவிட மோசமும் நடந்தது. 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்று ஒன்று வந்தது. பார்வையாளரின் பிராசசரைக் கொண்டு மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் ஸ்கிரிப்ட். 2018 பிப்ரவரியில் பிரவுசலவுட் என்ற, பக்கங்களை வாசித்துக் காட்டும் கருவிக்குள் யாரோ அதை நுழைத்துவிட, அந்தக் கருவியைப் பயன்படுத்திய 4,000-க்கும் மேற்பட்ட தளங்கள் பார்வையாளர்களின் கணினியில் நாணயம் தோண்டின. அவற்றில் பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகத்தின் தளமும் ஒன்று. காயின்ஹைவ் 2019 மார்ச்சில் கடையை மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 69 இத்தகைய ஸ்கிரிப்டுகளைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. இப்போது ஃபேன் இரைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது திருடனை அல்ல, விளம்பரத்தை.

இதற்கு மருந்து விளம்பரத் தடுப்பான். இங்கேதான் பிரவுசர் தேர்வு உண்மையில் பேசுகிறது. இருப்பதில் திறமையானது யூபிளாக் ஆரிஜின். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி, பழைய முறையில் எழுதப்பட்டவற்றை 2024, 2025-இல் படிப்படியாக நிறுத்தியது. அதில் யூபிளாக் ஆரிஜினும் போனது. குரோமில் இப்போது கிடைப்பது அதன் தம்பியான யூபிளாக் ஆரிஜின் லைட். தம்பியை லேசாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான விளம்பரங்களை அது தடுத்துவிடும், தானும் மிகக் குறைவாகவே தின்னும். செய்தி படிக்க மட்டும் என்றால் குரோம், லைட் கூட்டணியே போதும், பிரவுசரை மாற்ற வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இந்தத் தளத்தில் மட்டும் ஸ்கிரிப்டை முழுதாக நிறுத்து, வெளித் தளத்திலிருந்து வரும் அந்த ஆசாமியின் பெட்டியை மட்டும் விடு என்று நுணுக்கமாகப் பூட்ட அண்ணன் வேண்டும். அண்ணன் இன்னும் ஃபயர்ஃபாக்ஸில் இருக்கிறார்.

ஸ்கிரிப்டை முழுதாக நிறுத்துவது கடும் வைத்தியம். பல தமிழ்ச் செய்திப் பக்கங்கள் அப்படியும் படிக்கக் கிடைக்கின்றன. நான்கு பத்தியும் படமும் வந்துவிடுகின்றன, நம் தேவையும் அதுதானே. சில பக்கங்கள் வெள்ளையாக நிற்கும். அந்தத் தளத்துக்கு மட்டும் திறந்துவிடலாம்.

பிரேவ் இன்னொரு வழி. தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே குரோமின் விதி மாற்றம் அதைத் தொடுவதில்லை. பிரேவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெண்டன் ஐக், 1995-இல் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியவர். வலையை இயங்க வைத்தவரே இப்போது இயக்கத்தைக் குறைக்கும் பிரவுசர் கொடுக்கிறார். நிறுவி மறந்துவிடுபவர்களுக்கு பிரேவ்தான் சுலபம். பெரியம்மாவுக்கு நான் வைக்கவில்லை. திறந்ததும் எதிரே வரும் கிரிப்டோ வாலட் சமாச்சாரங்களை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

தடுப்பான் வைப்பதில் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. சின்னத் தமிழ்த் தளங்கள் பல விளம்பரத்தால்தான் உயிரோடு இருக்கின்றன. விளம்பரம் வாசிப்பைத் தொல்லை செய்யாத தளங்களுக்கு நான் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். மூலையில் ஊமை வீடியோ ஓட்டுபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

உபன்யாசம்

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வரலாம். எட்டாயிரம் ரூபாய் ஃபோனில் ஏன் ஓடுகிறது?

வீடியோ சுருக்கி வைக்கப்பட்டுத்தான் வருகிறது, பார்க்கும்போது விரிக்க வேண்டும். சுருக்கும் முறைகளில் எச்.264 பழையது, 2003. கூகுளின் விபி9 2013-இல் வந்தது, ஏவி1 2018-இல். புதிய முறையில் அதே தெளிவுக்குக் குறைந்த டேட்டா போதும், ஆனால் விரிக்கும் வேலை கூடுதல். அந்த வேலையைச் செய்வதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால் பிராசசரே மூச்சு முட்ட விரிக்க வேண்டும். இன்டெலில் விபி9-ஐ முழுதாக விரிக்கும் பகுதி 2016-இல் வந்த ஏழாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. ஏவி1-க்கு 2020-இன் பதினோராம் தலைமுறை. பெரியம்மாவின் லேப்டாப் ஐந்தாம் தலைமுறை. அதற்கு எச்.264 மட்டும்தான் தண்ணி பட்ட பாடு. பல வருடம் கழித்து வந்த மலிவு ஃபோனின் சிப்பில் விபி9 பகுதி இருக்கிறது. ஆகவே விலையை வைத்து ஒப்பிடக் கூடாது, பிறந்த ஆண்டை வைத்து ஒப்பிட வேண்டும்.

உங்கள் மெஷினுக்கு என்ன வருகிறது என்று பார்ப்பது சுலபம். யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து, கடைசியில் வரும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை அழுத்துங்கள். சுருக்கும் முறையைச் சொல்லும் கோடெக் வரியில் ஏவிசி1 என்றால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. பக்கத்திலேயே எத்தனை ஃபிரேம் தவறவிடப்பட்டன என்ற எண்ணும் இருக்கும். பெரியம்மா மெஷினில் வந்தது விபி09. தவறிய எண் கண் முன்னே ஏறிக்கொண்டிருந்தது.

செலவில்லாத வழி, தரத்தைக் குறைப்பது. யாரோ 1080-ஐ நிலையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். 1080 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளி. அந்த லேப்டாப் திரையில் இருப்பதே 10.5 லட்சம் புள்ளிதான். அதாவது இருபது லட்சத்தை விரித்து, பாதியைக் குப்பையில் போட்டுவிட்டு மீதியைக் காட்டிக்கொண்டிருந்தது. 720-க்கு இறக்கினால் 9.2 லட்சம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 480 என்றால் 4.1 லட்சம். உபன்யாசத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், பின்னால் ஒரு திரைச்சீலை. அதற்கு 480 தாராளம்.

அடுத்த வழி, தளத்திடம் "எனக்கு விபி9, ஏவி1 தெரியாது" என்று பொய் சொல்லும் எக்ஸ்டென்ஷன். எச்264இஃபை, அதன் மேம்பட்ட வடிவமான என்ஹான்ஸ்டு எச்264இஃபை என்று ஃபயர்ஃபாக்ஸில் கிடைக்கின்றன. பொய்யை நம்பி யூடியூப் எச்.264 அனுப்பும், சிப்பின் தனிப் பகுதி அதை எடுத்துக்கொள்ளும், ஃபேன் அடங்கும். வினாடிக்கு 60 ஃபிரேம் வீடியோவைத் தடுக்கும் வசதியும் மேம்பட்டதில் உண்டு. விலை என்ன? யூடியூப் 1080-க்கு மேல் எச்.264 தருவதில்லை. இந்தத் திரைக்கு அது பொருட்டே அல்ல. அதே தெளிவுக்கு டேட்டா கூடும் என்பதுதான் உண்மையான விலை. வீட்டில் ஃபைபர் இருந்தால் கவலையில்லை. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில், நாளுக்கு 1.5 ஜிபி கணக்கில் ஓட்டுபவர்கள் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு 480-க்கு இறங்குவதே மேல்.

பெரியம்மா வீட்டில் ஃபைபர். இரண்டையும் செய்தேன். மிக்ஸி நின்றது.

வாட்ஸ்அப் குழுவின் யோசனையை இந்த இடத்தில்தான் எடை போட வேண்டும். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தால், அந்தத் தனிப் பகுதியிடம் போகும் வேலை அத்தனையும் பிராசசர் தலையில் விழும். கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழுதாகி, திரை மினுக்கும்போதோ வீடியோ பச்சையாக வரும்போதோ சோதித்துப் பார்க்க அது நல்ல வழி. மெதுவாக இருக்கிறது என்பதற்கு அதைச் சொல்வது, கால் வலிக்கிறது என்றவரிடம் செருப்பைக் கழற்றி வெயிலில் நடக்கச் சொல்வது. அது அணைந்திருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அணைந்திருந்தால் போடுங்கள், அப்புறம் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

பேத்தியின் ஷீட்ஸ்

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆயிரக்கணக்கான வரிசை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரும்பக் கணக்கிடும் சூத்திரங்கள், வேறு ஷீட்டுகளிலிருந்து இழுத்து வரும் இணைப்புகள். தடுக்க இதில் விளம்பரம் இல்லை, மாற்றக் கோடெக் இல்லை. வேலை உண்மையிலேயே பெரிது, மெஷின் சிறியது. பழைய மாதத் தரவை வேறு ஃபைலுக்கு நகர்த்தச் சொன்னேன். தனியாகச் செய்யும் கணக்கை கணினியிலேயே ஓடும் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் செய்து பார்க்கச் சொன்னேன். "குரூப் ப்ராஜெக்ட் மாமா, எல்லாரும் ஒரே ஷீட்லதான் இருக்காங்க" என்றாள். சரிதான். அவளுக்கு மட்டும் குரோமை விட்டு வைத்தேன்.

கடைக்காரரின் தீர்ப்பு

பணம் போடுவதென்றால் எதில் போடுவது? மலிவானதிலிருந்து வருகிறேன். ஃபேனில் பத்து வருடத் தூசி. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டர்போவே இல்லாத 2.0 கிகாஹெர்ட்ஸில் அதுவும் குறைந்தால் என்ன மிஞ்சும்? தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. மெத்தை மேல் வைத்து ஓட்டுவதை நிறுத்துவது அதுவும் இல்லை.

சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் மெஷின் திறப்பது, பிரவுசர் எழுவது எல்லாம் ஆளே மாறியது போல இருக்கும். ராமைக் கூட்டினால் டேப் மாற்றும்போது வரும் தொங்கல் குறையும், ஏனென்றால் ராம் போதாதபோது விண்டோஸ் நினைவைச் சுருக்குவதும் டிஸ்க்கில் எழுதி எடுப்பதுமாக அல்லாடுகிறது. ஆனால் இரண்டுமே வீடியோவை விரிக்காது, ஏலத்தை நிறுத்தாது. பிராசசர் நூறில் நிற்கிறது என்பதற்காக எஸ்எஸ்டி வாங்கியவர்கள் பிறகு வந்து ஏமாந்துவிட்டேன் என்பதைக் கேட்டிருக்கிறேன். குறை எஸ்எஸ்டியில் இல்லை.

இந்த லேப்டாப்புக்கு இரண்டையும் போட நான் தயங்கியது வேறு காரணத்தால். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. ஐந்தாம் தலைமுறை மெஷினில் காசைக் கொட்டுவது, இடிக்கப் போகும் வீட்டுக்கு டைல்ஸ் போடுவது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம்தான். 2023-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115-லிருந்து லினக்ஸில் இன்டெல் சிப்களுக்கு வீடியோ விரிக்கும் பகுதி தானாகவே வேலை செய்கிறது, முன்பு போலத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். பெரியம்மாவுக்கு வேண்டாம், மாதத்துக்கு நான்கு ஃபோன் வரும்.

ஆக, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. புதிது ஒரு நாள் வேண்டும், பேத்திக்காக. ஆனால் அவர் எடுத்துக் காட்டிய மெஷின் செலரான் என்4020 போட்டது. புதுப் பெட்டி, பளபளப்பு, உள்ளே 2019-இன் இரண்டு கோர் சிப். விபி9-ஐ அது சிரமமில்லாமல் விரிக்கும், உபன்யாசம் ஓடிவிடும். செய்திப் பக்கமும் ஷீட்ஸும் பழையதில் எப்படித் திணறினவோ ஏறக்குறைய அப்படியே திணறும். அந்தப் பணத்துக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் ஐ5-8250யு போன்ற எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பை நான் எடுப்பேன். நான்கு கோர், டர்போவில் 3.4 கிகாஹெர்ட்ஸ், விபி9 பகுதி உண்டு, விண்டோஸ் 11 ஏற்கும். பேட்டரி சொதப்பியிருக்கலாம், வாரண்டி சில மாதம்தான் கிடைக்கும். ஏவி1 பகுதியும் கிடையாது. அதுவும் வேண்டும், பல வருடம் தாங்க வேண்டும் என்றால் இன்டெல் பதினோராம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ஏஎம்டியில் ரைசன் 6000 வரிசையிலிருந்து பார்க்கலாம். ரைசன் எண்களில் குழப்பம் அதிகம், 5500யு என்று புதுசாகவே விற்றதில் ஏவி1 இல்லை. ராம் 8 ஜிபிக்குக் கீழே எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

இப்போதைக்கு முடிவு இதுதான். பெரியம்மாவுக்கு ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜின், எச்264இஃபை. பேத்திக்கு குரோம், லைட். வங்கி வேலை எல்லாம் ஃபோனுக்கு மாறியது, வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸில் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. செலவு ஃபேன் சுத்தம் செய்ததற்கு மட்டும். கல்லூரி அடுத்த வருடம் தொடங்குவதற்குள் எட்டாம் தலைமுறை மெஷின் ஒன்று தேட வேண்டும்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரத்தில் பெரியம்மா ஃபோன் செய்தார். "சத்தமே இல்லடா, ஓடுதா இல்லையான்னே தெரியல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பேப்பர் பக்கத்துல ஓரமா தங்கம் விலை போட்டு ஒரு பெட்டி வருமே, அத எங்கடா தூக்கிப் போட்ட?" அதுவும் ஒரு நகைக்கடை விளம்பரம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும், அது வேண்டும் என்றார். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் வழி விட்டிருக்கிறேன்.